முன்சீபின் மனச்சான்று

புக்கிட் மேரா என்னும் மலாய்ப் பெயருக்குச் செங்குன்று என்பது பொருள். சிங்கப்பூரின் தென்பகுதியில் அடுக்குமாடி வீடுகள் நிறைந்து விளங்கும் இவ்வட்டாரத்துப் பிள்ளைகள் அப்பெயர் வந்த கதையை இளமையிலேயே கேட்டுவிடுகின்றனர். வாள்மீன்கள் கூட்டங்கூட்டமாகக் கரையிற் பாய்ந்து மக்களைக் குத்திக் கொன்றன. மன்னன் தன் ஆட்களைக் கரையோரம் வரிசையாக நிறுத்தி, அவர்தம் கால்களையே வேலியாக்கினான். மாண்டவர் தொகை பெருகிற்று. அப்போது சிறுவன் ஒருவன் முன்வந்து, மனிதக் கால்களுக்கு மாற்றாக வாழைத் தண்டுகளை நிறுத்தலாகாதா என்று கேட்டான். அவ்வாறே செய்தனர், பாய்ந்து வந்த மீன்களின் அலகுகள் தண்டுகளிற் குத்திச் சிக்கிக்கொண்டன, ஊர் பிழைத்தது. இத்துணைக் கூர்மதி உடையவன் வளர்ந்தால் அரசுக்கு இடையூறு ஆவான் என்று அருகிருந்தோர் மன்னன் செவியில் ஓதினர். சிறுவன் கொல்லப்பட்டான். அவன் குருதி படிந்து குன்று சிவந்தது என்பது மக்கள் வழக்கு. பழைய மலாய் நூலாகிய ‘செஜாரா மெலாயு’ குன்றைப் பற்றிப் பேசவில்லை; அக்கொலையின் பழி நாட்டின்மேல் நின்றது என்று மட்டும் சொல்லி மேற்செல்கிறது.

இக்கதையில் மன்னன் பேசுகிறான், அருகிருந்தோர் பேசுகின்றனர், சிறுவன் பேசுகிறான். ஆணையைத் தாங்கிக்கொண்டு குன்றின்மேல் ஏறிச் சென்ற ஏவலர் மட்டும் ஒரு சொல்லும் பேசவில்லை. அவருள் ஒருவன் தயங்கினானா, ஒருவன் மறுத்தானா, ஒருவன் பின்னர் உறங்க இயலாது தவித்தானா என்று கதை கேட்கவும் இல்லை. பழங்கதைகள் பலவற்றிலும் ஏவலர் நிலை இதுவே. ஆயினும் உலகில் நடைபெறும் கொடுமைகளுட் பெரும்பாலானவை ஏவலர் கைவழியாகவே நடைபெறுகின்றன.

இதே புக்கிட் மேராவில், லெங்கோக் பாருச் சாலையில், இலஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவின் தலைமையகம் அமைந்திருப்பது தற்செயலே. எனினும் அந்நிறுவனம் தோன்றிய வரலாறு ஏவலர் வரலாறே என்பது நினைக்கத்தக்கது. 1951-ஆம் ஆண்டு அக்டோபரில் ஏறத்தாழ நான்கு இலட்சம் வெள்ளி மதிப்புள்ள அபின் பொங்கோல் கடற்கரையில் கொள்ளை போயிற்று. கொள்ளையர் கூட்டத்தில் காவல்துறைத் துப்பறிவாளர் மூவரும் இருந்தமை பின்னர் வெளிப்பட்டது. அதற்கு முன்னர் ஊழலைத் துருவிய பிரிவு காவல்துறைக்குள்ளேயே அடங்கியிருந்தது. காவலரைக் காவலரே துருவினால் உண்மை வெளிவருமா என்ற ஐயம் வலுப்பெற, 1952-இல் தனி நிறுவனம் அமைந்தது. 1960-இல் ஊழல் தடுப்புச் சட்டம் வந்தது. அரசு ஊழியரேயன்றித் தனியார் நிறுவன ஊழியரும் அச்சட்டத்தின் எல்லைக்குள் அடங்குவர்.

சட்டம் செய்யக்கூடியதைச் சட்டம் செய்கிறது. ஆனால் கை நீளும் கணத்தில், எவரும் பாராத அறையில், சட்டம் வந்து சேர்வதற்கு முன்னர் ஒருவன் தனியே நிற்கிறான் அல்லவா? அந்தத் தனிமையைத் தமிழில் எழுதியவர் எவர் என்று வினவினால், அரண்மனைப் புலவரையும் மடத்துப் புலவரையும் கடந்து, கச்சேரி நாற்காலியில் அமர்ந்து எழுதிய ஒரு கிறித்தவரிடம் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. அவர் மாயூரம் ச. வேதநாயகம் பிள்ளை.

தமிழின் முதல் நாவலாசிரியர் என்று தேர்வு விடைத்தாள்களில் ஆண்டுதோறும் எழுதப்படும் பெயர் அது. அவ்வொரு வரியோடு அவரை முடித்துவிடுவது பாடநூல்கள் அவருக்குச் செய்த தீங்கு என்றே சொல்லலாம். 1826-இல் திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் இருந்து, பின்னர்த் தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் முன்சீப் பதவி வகித்தார். 1889-இல் மறைந்தார். இடைப்பட்ட காலத்தில் ‘நீதிநூல்’ (1859), ‘பெண்மதி மாலை’ (1869), ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’ (1878), ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ (1879), ‘சுகுண சுந்தரி’ (1887) முதலியன வெளிவந்தன.

முன்சீப் என்பவர் யார்? ஆங்கில ஆட்சியின் நீதி ஏணியில் அடிப்படியில் இருந்த உரிமையியல் நீதிபதி. நிலத் தகராறு, கடன் பத்திரம், பாகப் பிரிவினை ஆகியவற்றோடு ஊரார் முதலில் வந்து நிற்பது அவர் முன்னிலையிலேயே. மேலே ஐரோப்பிய அதிகாரிகள், கீழே குமாஸ்தாக்களும் சேவகர்களும், எதிரே வழக்காடிகள், அவர்களுக்குப் பின்னே, பழத்தட்டும் பணமுடிப்பும். மேலிருந்து வரும் அச்சமும் எதிரிலிருந்து வரும் ஆசையும் ஒரே நாளில் அவ்விருக்கையைத் தாக்கும். வேதநாயகரின் அறநூல் அந்த இருக்கையில் இருந்தவரின் நூல் என்பதை மறந்து படித்தால், அது பழைய நீதிநூல்களின் வரிசையில் மற்றுமொன்றாகவே தோன்றும்.

தமிழில் நீதிநூல்களுக்குக் குறைவில்லை. ஆயின் அரசியல் அறம் பற்றி அவை பேசும்போது பெரும்பாலும் அரசனையே நோக்கிப் பேசுகின்றன. திருக்குறளில் செங்கோன்மையும் கொடுங்கோன்மையும் அரசனுக்கு உரியன. அலுவலரைப் பற்றிய ‘தெரிந்துவினையாடல்’ என்னும் அதிகாரமும், எத்தகையவனைப் பணியில் அமர்த்துவது என்று அரசன் கண்கொண்டு பார்ப்பதே. அமர்த்தப்பட்டவன் தன் இருக்கையிலிருந்து தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் பார்வை அதன் நோக்கமன்று. வேதநாயகர் காலத்தில் செங்கோல் ஏந்திய அரசன் இல்லை. செங்கோல் சிறு சிறு துண்டுகளாக முறிந்து, கச்சேரிதோறும் மேசைதோறும் கிடந்தது. கையொப்பம் இடும் பேனா ஒரு துண்டு. பதிவேட்டின் சாவி ஒரு துண்டு. சாட்சியின் நா ஒரு துண்டு. ஆகவே நீதிநூலில் அரசர் இயல்பும் குடிகள் இயல்பும் கூறியதோடு அவர் அமையவில்லை. பொய், களவு, புறங்கூறல் என்பவற்றோடு கைக்கூலியையும் தனிப்பொருளாக்கினார்.

கைக்கூலி என்னும் சொல்லை மாணவர் ஊன்றி நோக்குதல் தகும். கூலி என்பது இழிந்த சொல் அன்று. வேலைக்கு ஈடாக வெளிப்படையாகப் பெறுவது அது. சிங்கப்பூரின் துறைமுகத்தையும் சாலைகளையும் அமைத்த தமிழர் பெற்றதும் அதுவே. ‘கை’ என்னும் ஓரெழுத்து முன்னே சேர்ந்ததும் அச்சொல் தலைகுனிகிறது. செய்ய வேண்டிய வேலைக்கு ஊதியம் ஓரிடத்தில் வந்துகொண்டிருக்க, மற்றோரிடத்திலிருந்து கைக்குள் வந்து விழுவது கைக்கூலி. இலஞ்சம் என்னும் சொல்லில் இந்தக் கை தெரிவதில்லை. பழஞ்சொல் குற்றத்தோடு குற்றம் செய்த உறுப்பையும் காட்டி நிற்கிறது.

இனி, வேதநாயகரின் கிறித்தவம் அவர் நூல்களில் எங்கே இருக்கிறது என்னும் வினா எழும். ‘தேவமாதா அந்தாதி’, ‘திருவருள் அந்தாதி’ போன்ற பத்தி நூல்கள் அவர் இயற்றியன. அவற்றில் அது வெளிப்படை. நீதிநூலிலும் கீர்த்தனைகளிலும் அவர் எல்லாச் சமயத்தாரும் ஏற்றுப் பாடுமாறு பொதுநிலையில் கடவுளைப் பேசினார். பல சமயத்தாரும் படிக்க வேண்டும் என்பதற்காகத் தம் சமயத்தை மறைத்துக்கொண்டார் என்று இதற்கு விளக்கம் கூறுவாருளர். அவ்விளக்கம் பாதி உண்மையே. பெயரை மறைத்தார், முறையை மறைக்கவில்லை.

முறை என்றது யாது? லூக்கா நற்செய்தியில் யோர்தான் ஆற்றங்கரைக் காட்சி ஒன்று உண்டு. திருமுழுக்கு அருளப்பரிடம் வரி தண்டுவோர் வந்து, தாங்கள் செய்ய வேண்டுவது யாது என்று கேட்கின்றனர். பதவியை விட்டுவிட்டுப் பாலைவனம் செல்லுமாறு அவர் சொல்லவில்லை. விதித்ததற்கு மேல் தண்டாதீர் என்கிறார். போர்வீரரும் வந்து கேட்கின்றனர். எவரையும் அச்சுறுத்திப் பறிக்க வேண்டா, பொய்க்குற்றம் சாட்ட வேண்டா, ஊதியத்தோடு அமைக என்பது அவர்களுக்குக் கிடைத்த விடை. சக்கேயு என்னும் வரித்தலைவனோ, மனம் மாறியதும் எவரையேனும் ஏமாற்றியிருந்தால் நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொல்கிறான். இவை யாவும் தொழிலின் அறங்கள். மேசைக்கு இந்தப்புறம் அமர்ந்திருப்போனுக்குரிய அறங்கள். இவற்றுக்கு நேர் எதிரே பிலாத்து நிற்கிறான். குற்றமில்லை என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டுக் கூட்டத்துக்கு அஞ்சிக் கையைக் கழுவிய நீதிபதி அவன். கத்தோலிக்கராகிய ஒரு முன்சீப், ஒவ்வோர் ஆண்டும் பெரிய வெள்ளியன்று அந்தப் பாடுகளின் வரலாற்றைக் கேட்கும்போது எந்த இருக்கையைத் தம் இருக்கையாக நினைத்திருப்பார் என்பதை ஊகிப்பது கடினமன்று.

பாவசங்கீர்த்தனம் என்னும் ஒப்புரவு முறையும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. அங்கே ‘மேலிடத்து ஆணை’ என்பது விடையாகாது; ‘எல்லாரும் செய்கின்றனர்’ என்பதும் விடையாகாது. தான் செய்ததைத் தானே பெயர் சொல்லிக் கூற வேண்டும். பிறர் பொருளைக் கவர்ந்திருந்தால் திருப்பிக் கொடுக்கவும் கடமைப்பட வேண்டும். வேதநாயகரின் கீர்த்தனைகளில் மனத்தை முன்னிலைப்படுத்தி இடித்துரைக்கும் பாடல்கள் பல. மனத்தை விளித்துப் பாடுவது தமிழ்ப் பத்தி மரபில் புதிதன்று. சித்தரும் தாயுமானவரும் செய்ததே. ஆனால் அவர்தம் மனம் உலகப் பற்றில் அலையும் மனம். இவருடைய மனம் காலையில் கச்சேரிக்குச் சென்று மாலையில் திரும்பிய மனம். இந்த வேறுபாடு நுண்ணியது. இதை வகுப்பறையில் எடுத்துக்காட்டும் ஆசிரியர் சிலரே.

இவ்வளவு சொன்னபின், குறைகளையும் சொல்லியாக வேண்டும். நீதிநூலின் செய்யுட்கள் பல, நூலாசிரியர் இருந்த இருக்கையின் வெப்பத்தை இழந்து குளிர்ந்துபோய் நிற்கின்றன. பொய் தீது, களவு தீது என்னும் பொதுமை செய்யுளின் யாப்புக்குள் அடங்கியதும் மூடிய பேழைபோல் ஆகிவிடுகிறது. மாணவன் அதை மனனம் செய்கிறான், பொருள் எழுதுகிறான், மதிப்பெண் பெறுகிறான். அதே தேர்வில் அருகிருப்பவன் விடைத்தாளைப் பார்த்து எழுதுவதற்கு அச்செய்யுள் தடையாவதில்லை. இது மாணவன் குற்றம் மட்டும் அன்று. பொய் சொல்வதால் வரும் கேட்டை மிகுத்துச் சொல்லும் நூல், மெய் சொல்வதால் வரும் இழப்பை மறைத்துவிடுமானால், முதன்முறை மெய் சொல்லி அடிபட்ட சிறுவன் நூலின்மேலேயே ஐயம் கொள்வான்.

இந்தக் குறை நாவலில் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. தமிழில் உரைநடை நூல்கள் அருகியிருந்த குறையைப் போக்கவே ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தை எழுதியதாக அதன் ஆசிரியர் கூறினார். அக்குறையை அவர் போக்கினார் என்பதில் ஐயமில்லை. நகைச்சுவையும் கிளைக்கதைகளும் மலிந்த அந்நூல் இன்றும் சலிப்பின்றிப் படிக்கத்தக்கது. அதில் ஒரு செருப்புத் தைப்பவன் கதை வருகிறது. அறுந்த செருப்பைத் தைத்துக் கொடுத்தால் உன்னை மகிழ்விக்கிறேன் என்று பிரதாபன் வாக்களிக்கிறான். கூலியை எவ்வளவு கொடுத்தாலும் மகிழ்ச்சி வரவில்லை என்று சாதிக்கிறான் மற்றவன். வழக்கு மன்றம் ஏறுகிறது. பிரதாபன் சிறை புகுகிறான். யானை மாலையிட்டதால் அந்நாட்டுக்கு அரசனாகியிருக்கிறாள் ஆண்வேடம் பூண்ட ஞானாம்பாள். அவள் வழக்கை மீண்டும் விசாரித்து, தான் அரசேற்றது கண்டு உனக்கு மகிழ்ச்சிதானே என்று செருப்புத் தைப்பவனைக் கேட்கிறாள். இல்லை என்று எப்படிச் சொல்வான்? மகிழ்ச்சி என்கிறான், வழக்கு முடிகிறது.

கதை சுவையானது. சொல்லைத் திரித்து நீதியைத் திரிக்கும் கச்சேரி வித்தையை உள்ளிருந்து அறிந்தவரே இப்படி எழுத இயலும். ஆனால் சற்று நின்று பார்த்தால் ஒன்று புலப்படும். பிரதாபனை விடுவித்தது உண்மையன்று, ஓர் எதிர்ச்சாதுரியம். செருப்புத் தைப்பவன் அரசனுக்கு அஞ்சியே மகிழ்ச்சி என்றான். அதிகாரத்தின் முன்னே ஒருவன் மெய் சொல்ல இயலாமையே இங்கு நீதியின் கருவியாகிவிடுகிறது. அஃதன்றியும், நாவலில் மிகச் சிறந்த நீதி வழங்குபவள், தன் மெய்யுருவை மறைத்துக்கொண்டே வழங்குகிறாள். கணவனைத் தேடிவந்த பெண்ணுக்கு அவ்வேடம் இன்றியமையாதது என்பது உண்மையே. இறுதியில் அரசைத் துறந்து தன் உருவில் ஊர் திரும்புகிறாள் என்பதும் உண்மையே. எனினும், பொய்யைத் தனியே எடுத்துக் கடிந்த நீதிநூலின் ஆசிரியர், தம் கதையில் நன்மைக்காகப் பூண்ட பொய்வேடத்தை ஒரு கேள்வியுமின்றி விட்டுவிட்டாரே என்ற வியப்பு எழாமல் இல்லை. கற்பனைக் கதையில் இதை ஆராய்வது மிகை என்று சொல்லலாம். ஆனால் அறம் கற்பிப்பதைத் தம் நோக்கமாக வைத்துக்கொண்ட நூலை அறத்தின் அளவுகோலால் அளப்பது முறையே ஆகும்.

அவர் காலத்தவராகிய எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிக’த்தோடு (1894) இதனை ஒப்பிடலாம். பனியன் என்னும் ஆங்கில ஆசிரியரின் உருவகக் கதையைத் தழுவிய பெருங்காப்பியம் அது. அங்கே கிறித்தவ வாழ்வு ஒரு பயணம்; நாசபுரியை விட்டு ஓடுவதே முதற்செயல். வழியில் மாயையின் சந்தையில், உண்மை மாறாத வழித்துணைவன் பொய்வழக்கில் கொல்லப்படுகிறான். மெய்யின் விலை அங்கே முழுதும் கொடுக்கப்படுகிறது. வேதநாயகரின் மாந்தருக்கு அவ்விலை கேட்கப்படுவதில்லை. இழந்ததெல்லாம் இரட்டிப்பாய் மீண்டுவிடுகிறது. ‘சுகுண சுந்தரி’யிலும் நிலை இதுவே, அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல வேண்டுவதில்லை. ஆயினும் ஒரு வகையில் முன்சீபின் நூல்களே கடினமான இடத்தில் நிற்கின்றன. யாத்திரிகன் ஊரைவிட்டுப் போய்விடுகிறான். கச்சேரிக்காரன் நாளையும் அதே மேசைக்கு வந்தாக வேண்டும்; அதே குமாஸ்தாவைப் பார்த்தாக வேண்டும்; அதே வழக்காடியின் உறவினரைக் கடைத்தெருவில் சந்தித்தாக வேண்டும்.

அந்த மேசையில் அவர் செய்த பணிகளுள் ஒன்று, இலக்கிய வரலாறுகளில் ஒரு வரியும் பெறாமல் போவதுண்டு. 1805 முதல் 1861 வரை சதர் நீதிமன்றம் அளித்த தீர்ப்புகளை அவர் தமிழாக்கி வெளியிட்டார். தன்மேல் கூறப்பட்ட தீர்ப்பின் பொருள் இன்னதென்று அறியாமல் ஆங்கிலத்தாளை நெற்றியில் ஒற்றிக்கொண்டு வீடு திரும்பும் உழவனை நினைத்தால் இப்பணியின் அருமை விளங்கும். நாவலிலும், தமிழ் பேசும் வழக்காடியின் முன்னே தமிழ் பேசும் வழக்கறிஞர் ஆங்கிலத்தில் வாதாடும் வேடிக்கையை அவர் எள்ளி நகையாடுகிறார். இதனை மொழிப்பற்று என்று மட்டும் கொள்வது வழக்கம். இது நேர்மையின் பாற்பட்டது என்றும் கொள்ள வேண்டும். புரியாத மொழியில் நடக்கும் நீதி, கைக்கூலிக்குக் கதவைத் திறந்து வைக்கிறது. இடையே நின்று விளக்குபவன் விலை கேட்கிறான் அல்லவா?

1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும் பஞ்சத்தில் அவர் தம் பொருளை ஈந்து கஞ்சி வார்த்தார் என்பதும், ‘நந்தனார் சரித்திரம்’ பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து பாடினார் என்பதும் வழிவழியாகச் சொல்லப்படுவன. அவருடைய நண்பரும் உ. வே. சாமிநாதையரின் ஆசிரியருமாகிய மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்மீது ‘குளத்தூர்க் கோவை’ இயற்றினார். சைவப் பெரும்புலவர் ஒருவர் கத்தோலிக்க முன்சீப் மீது கோவை பாடியது, அந்த முன்சீபின் நூலைவிட அவருடைய நடத்தைக்குக் கிடைத்த சான்று என்று கருத இடமுண்டு.

அவர் மறைவதற்கு முந்திய ஆண்டாகிய 1888-இல்தான் சிங்கப்பூரில் தமிழ்க் கத்தோலிக்கருக்கென ஓஃபிர் சாலையில் லூர்து மாதா ஆலயம் எழுந்தது. அக்கோயிலுக்கு வந்து முழந்தாளிட்ட கப்பற்கூலிகள், கங்காணிகள், எழுத்தர்கள் ஆகியோரின் அறக்குழப்பங்கள் வேதநாயகரின் நூல்களில் இல்லை, இருக்கவும் முடியாது. ஆனால் கணக்கேட்டில் ஓர் எண்ணைத் திருத்தச் சொல்லும் மேலாளன் முன் நிற்கும் எழுத்தனுக்கும், சரக்கின் நிறையைக் குறைத்து எழுதச் சொல்லப்படும் கங்காணிக்கும் முன்னுள்ள வினா, மாயூரத்துக் கச்சேரியில் இருந்த வினாவே.

தமிழாசிரியர் ஒருவர் புக்கிட் மேராக் கதையையும் செருப்புத் தைப்பவன் கதையையும் ஒரே பாடவேளையில் அருகருகே வைத்துக் கற்பிக்கலாம். ஒன்றில் மெய்யறிவு சொன்னவன் சாகிறான். மற்றொன்றில் மெய் சொல்லியும் சிறைப்பட்டவன் பிழைக்கிறான். எது உண்மைக்கு நெருக்கமானது என்று கேட்டால் மாணவர் பலரும் குன்றின் கதையையே சுட்டுவர். எந்தக் கதையில் வாழ விரும்புவீர் என்று கேட்டால் விடை மாறும். அதன்பின் மூன்றாம் வினாவையும் கேட்கலாம்: குன்றின்மேல் ஏறிய ஏவலருள் ஒருவன், யோர்தான் கரைக்கு வந்த போர்வீரரைப் போல, தான் செய்ய வேண்டுவது யாது என்று வாய் திறந்து கேட்டிருந்தால் கதையை எப்படித் தொடர்வீர்? வேதநாயகர் அத்தகைய பாத்திரம் ஒன்றைத் தம் நாவல்களில் படைக்கவில்லை. மாணவன் ஒருபக்க அளவில் எழுதிப் பார்க்கத்தக்க கட்டுரைப் பயிற்சி அது.